ஏழாம் பக்கத்தின் கடைசி வரி

"நேர்மாறு சார்புன்னா என்ன? யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று யோன்-ஜூ கேட்டு முடிப்பதற்குள் இருபத்தெட்டுக் கைகளும் ஒரே வீச்சில் மேலே போயின. பின்சுவரை ஒட்டி, பள்ளி வாசலில் கொடுத்த விருந்தாளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பதினேழு பெரியவர்களும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். தூக்கிய கைகளில் பாதி இடது கை. அது திங்கட்கிழமை ஒத்திகையில் செய்த ஏற்பாடு: விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை, தூக்காமல் மட்டும் யாரும் இருந்துவிடக் கூடாது. பெரியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களும் கணக்கு வாத்தியார்கள்தானே, அவரவர் பள்ளியிலும் இதே கூத்துதான் நடக்கிறது.

யோன்-ஜூ வலது கைகளில் ஒன்றைப் பார்த்து, "தே-ஹா, நீ சொல்லு" என்றாள். அவன் எழுந்து நின்று, ஒரு சார்பில் x-ஐயும் y-ஐயும் இடம் மாற்றினால் கிடைப்பது நேர்மாறு, வரைபடத்தில் y = x என்ற சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது கண்ணாடியில் தெரிவதுபோல் அந்தப் பக்கம் போய்விடும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். வகுப்பில் முதல் மாணவன். தினமும் பள்ளி முடிந்ததும் மோக்போ நகர ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டியூஷன் சென்டரில் இன்னொரு பள்ளிக்கூட நாளை முழுசாகப் படிக்கிறவன். இந்தப் பாடத்தை அங்கே அவனுக்குப் போன குளிர்காலத்திலேயே முடித்துவிட்டார்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. போக வேண்டும். இந்தத் தனியார் பள்ளியில் யோன்-ஜூ ஆறு வருஷமாக ஒப்பந்த ஆசிரியை. கல்வியாண்டு முடிகிற ஒவ்வொரு பிப்ரவரி கடைசியிலும் மேசை இழுப்பறையைக் காலி செய்து, காப்பிக் கோப்பையையும் வகுப்பறைக்குள் போடும் உள்செருப்பையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டு, மறு ஒப்பந்தம் வருமா வராதா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த வருஷம் கணக்குப் பாடத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியாகிறது. போட்டி இரண்டே பேருக்குள்தான், அவளும் இன்னொரு கணக்கு ஆசிரியரான சோக் சாரும். வெளி ஆசிரியர்கள் வந்து பார்க்கும் திறந்த வகுப்பை வைத்து முடிவு செய்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். சோக் சார் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, கடைசி வாக்கியத்தைச் சொல்லி அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்ததாம்.

வந்தவர்கள் ஒவ்வொருவர் மடியிலும் பாடத்திட்டப் புத்தகம் இருந்தது. வழவழ அட்டை போட்டு, எட்டுப் பக்கம். எத்தனையாவது நிமிஷத்தில் ஆசிரியை என்ன கேட்பாள், மாணவர் என்ன பதில் சொல்வார் என்பதுவரை அதில் அச்சடித்திருக்கும். ஏழாம் பக்கத்தின் கடைசியில், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இன்றைய பாடத்தின் முடிவு: "ஒரு சார்பும் அதன் நேர்மாறும் வெட்டிக்கொண்டால், வெட்டும் புள்ளி y = x கோட்டின் மேல்தான் இருக்கும்." பக்கத்திலேயே சிவப்பு மையில் துறைத்தலைவர் மேங் சாரின் முத்திரை. முப்பது வருஷ சர்வீஸ், முத்திரை குத்துவதற்கு முன் கால்புள்ளியைக்கூட எண்ணிப் பார்க்கிறவர். அவர் இப்போது ஜன்னல் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பாடத்தில் யோன்-ஜூ சொந்தமாக யோசித்தது ஒன்றுதான். வரைபடத் தாளில் வளைகோட்டை வரைந்து, தாளைச் சாய்கோட்டின் வழியாக மடித்து, கோட்டின் மேலேயே குண்டூசியால் குத்திக்கொண்டு போக வேண்டும். விரித்தால் ஊசித் துளைகள் அந்தப் பக்கம் நேர்மாறாகக் கிடக்கும். திங்கட்கிழமை ஒத்திகையிலேயே பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதலில் எல்லோரும் y = √(x + 2) வரைந்தார்கள். மடித்தார்கள், குத்தினார்கள், விரித்தார்கள். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில், இரண்டுக்கு இரண்டில், வெட்டின. புள்ளி சாய்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பின்னால் புத்தகத்தின் பக்கங்கள் புரளும் சத்தம். இருபத்து மூன்றாவது நிமிஷம், புத்தகப்படி.

"இப்போ ஒவ்வொரு குழுவும் வேற ஒரு வர்க்கமூலச் சார்பை எடுத்துக்கிட்டு இதையே செஞ்சு பாருங்க. பட்டியல்ல அஞ்சு இருக்கு. எது வேணா எடுத்துக்கலாம்."

நான்காம் குழுவுக்கு தே-ஹாதான் தலைவன். அவன் புதுத் தாளும் குண்டூசியும் வாங்க முன்மேசைக்கு வந்திருந்த நேரத்தில், குழுவில் இருந்த சோல்-பி வேலையை ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கு என்றால் அவளுக்கு எட்டிக்காய். திங்கட்கிழமை ஏற்பாட்டில் இடது கைக்காரர்களின் தலைவியே அவள்தான். பட்டியலில் இருந்த ஐந்தையும் பார்த்தாள். எதை எடுத்தாலும் வேர் கண்டுபிடித்துப் புள்ளி வைக்க வேண்டும். அவளுக்குச் சோம்பல். √(1 − x) என்று தானாகவே ஒன்றை எழுதிக்கொண்டாள். சைபர் போட்டால் ஒன்று, ஒன்று போட்டால் சைபர். எந்த வேரும் எடுக்க வேண்டாம், இரண்டு புள்ளி கைக்கு வந்துவிட்டது. நிறையப் புள்ளி வைக்காமல் தப்பிக்க இன்னொரு தந்திரமும் செய்தாள்: ஓர் அலகுக்கு ஒரு கட்டம் என்று வைக்காமல் இருபது கட்டம் என்று வைத்தாள். சைபரிலிருந்து ஒன்றுவரை வரைந்ததிலேயே தாள் நிரம்பிவிட்டது. நடுவில் ஓரிரண்டு புள்ளியாவது வேண்டுமே என்று முழுசாக வேர் வருகிற எண்களாகப் பொறுக்கினாள். 0.36 போட்டால் 0.8. 0.75 போட்டால் பாதி. வளைத்து வரைந்தாள், மடித்தாள், இருக்கிற கோபத்தையெல்லாம் ஊசியில் காட்டிக் குத்தினாள், விரித்தாள்.

"என்னடீ இது?" என்றாள் பக்கத்துப் பெண்.

தே-ஹா திரும்பி வந்து தாளைப் பார்த்தான். "ஏய், மடிச்சதே கோணல். இப்படி வராது."

"ஏன் வராது?"

"மூணு இடத்துல வெட்டுது பாரு. ஒரு இடத்துலதான் வெட்டணும். x-உம் சார்பும் சமம்னு போட்டாப் போதும்." அவன் மனசுக்குள்ளேயே கணக்கைப் போட்டான். "0.618. ஒண்ணே ஒண்ணு. நடுவுல இருக்கே அதுதான். ஓரத்துல இருக்கிறது ரெண்டும் உன் கைவரிசை."

"உன் டியூஷனைக் கொண்டுபோய்க் கடல்ல போடு. நான் ஒழுங்காத்தான் மடிச்சேன்."

"நூறு கணக்கு போட்டிருக்கேன்டீ இதுல!"

"நூறு போட்டா? சைபர் போட்டா ஒண்ணு வருதா இல்லையா? ஒண்ணு போட்டா சைபர் வருதா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல!"

சோல்-பிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கடைசி வரிசைவரை கேட்டது. யோன்-ஜூ சிரித்த முகத்தோடு அங்கே போனாள். சத்தத்தை அடக்கிவிட்டு, கோணல் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். குனிந்து பார்த்தாள்.

சாய்கோட்டின் மேல் ஒரு புள்ளி. சரி. அப்புறம், இடது மேல் ஓரத்தில் ஒன்று. வலது கீழ் ஓரத்தில் ஒன்று. மடிப்பு கத்தி வைத்தாற்போல நேராக இருந்தது.

சைபர் போட்டால் ஒன்று. ஆகவே (0, 1) இந்தக் கோட்டில் இருக்கிறது. ஒன்று போட்டால் சைபர். ஆகவே (1, 0)-உம் இதே கோட்டில் இருக்கிறது. மடித்தால் அது இங்கே வரும், இது அங்கே போகும். இரண்டும் இரண்டு கோட்டிலும் இருக்கின்றன. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். யோன்-ஜூவின் கழுத்தில் ரோமம் சிலிர்த்தது. ஆறு வருஷம், வருஷத்துக்கு ஐந்து வகுப்பு, வெட்டும் புள்ளி y = x-இன் மேல்தான் இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள், தேர்வில் வரும், என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அவள் வாத்தியார் சொன்னார். யாருமே இதைப் பார்க்கவில்லை! பட்டியலில் இருந்த ஐந்தும் மேலே ஏறுகிற கோடுகள். டியூஷன் சென்டரின் நூறும் மேலே ஏறுகிற கோடுகள். ஏறுகிற கோட்டுக்கு அந்த விதி சரிதான். இறங்குகிற கோட்டை யாரும் மடித்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அலகுக்கு ஒரு கட்டம் வைத்தால் மூன்றும் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் பின்வரிசையில் பதினேழு மடிகளிலும் இருக்கிற ஏழாம் பக்கம் ஞாபகம் வந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழி இல்லாமல் இல்லை. "நல்ல கேள்வி, வகுப்பு முடிஞ்சதும் என்கிட்ட வா" என்று சொன்னால் போதும். இந்த நாட்டில் எல்லா ஆசிரியரும் சொல்வதுதான், எல்லாப் பிள்ளைகளும் அதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப் பதினெட்டு நிமிஷமும் புத்தகப்படி ஓடும். கட்டத்துக்குள் இருக்கிற வரியை எல்லோரும் சேர்ந்து படிப்பார்கள், மணி அடிக்கும். இன்னொரு பக்கம், அந்த வரி தப்பு என்று இங்கே சொன்னால் அவள் மட்டும் தப்பில்லை. முத்திரை குத்திய மேங் சாரும் பதினேழு பேர் முன்னால் தப்பு. நிரந்தர இடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

சோல்-பி அண்ணாந்து பார்த்தாள். திட்டு விழும் என்று அவள் தோள் ஏற்கெனவே குறுகியிருந்தது. "நான் தப்பாப் பண்ணிட்டேனா, டீச்சர்?"

"இல்லை" என்றாள் யோன்-ஜூ. குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது. "இல்லடீ! நீ தப்பே பண்ணலை!"

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கரும்பலகைக்கு ஓடினாள். ஓடியதில் ஒரு செருப்பு கழன்று இரண்டாம் வரிசையில் நின்றுவிட்டது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காந்தம் வைத்துத் தாளை ஒட்டினாள். "எல்லாரும் கையில இருக்கிறதை வைங்க. இங்கே பாருங்க. இது மூணு இடத்துல வெட்டுது. ஒரு இடத்துலதான் வெட்டும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க!"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் வகுப்பே திணறியது. ஒருவன் இரண்டையும் தூக்கிவிட்டான். யாரோ சிரிக்க, சிரிப்பு பரவியது. அப்புறம், இந்த வருஷத்தில் முதல்தடவையாக, சிலர் கை தூக்காமலே உட்கார்ந்திருந்தார்கள், யோசித்துக்கொண்டு.

"டீச்சர், வரைஞ்சதுல பிழை இருக்கலாம்" என்றான் தே-ஹா. எழுந்து நின்றிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. "சார்பும் x-உம் சமம்னு போட்டா ஒரு விடைதான் வருது. நான் போட்டுட்டேன்."

"நீ போட்டது சரி, தே-ஹா. ஆனா நீ சாய்கோட்டு மேல இருக்கிறதை மட்டும்தான் தேடினே. தேடின இடத்துல ஒண்ணுதான் இருக்கு. தேடாத இடத்துல?"

அவன் பார்வை தாளின் இரண்டு ஓரங்களுக்கும் போயிற்று.

"சைபர்-ஒண்ணும், ஒண்ணு-சைபரும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் குடிபோறாங்க. மடிச்சா இவர் அங்கே, அவர் இங்கே. ஆனா ரெண்டு வீடுமே இதே தெருவுலதான் இருக்கு. இப்போ சொல்லு, இவங்க ரெண்டு கோட்டுலயும் இருக்காங்களா இல்லையா?"

"இருக்காங்க!" என்று கத்தியது சோல்-பி இல்லை, மூன்றாம் குழுவில் எப்போதும் தூங்குகிற பையன். அவ்வளவுதான், வகுப்பு கையை விட்டுப் போய்விட்டது. ஆளுக்கொரு தாளை இழுத்தார்கள். பட்டியலை யாரும் சீந்தவில்லை. கழித்தல் குறி போட்டு இறங்குகிற கோடுகளாக வரைந்தார்கள், மடித்தார்கள், மேசையே ஓட்டையாகும்படி குத்தினார்கள். "எனக்கு ஒண்ணுதான் வருது", "எனக்கு வெட்டவே மாட்டேங்குது", "பெரிசா வரைடா மடையா, அலகைப் பெரிசு பண்ணு." யோன்-ஜூ ஒற்றைச் செருப்போடு மேசைக்கு மேசை ஓடினாள். √(2 − x)-க்கு ஏன் ஒன்றே ஒன்று? தெரியவில்லை, வாங்க பார்க்கலாம் என்றாள். தெரியவில்லை என்று அவள் வகுப்பில் சொன்னதே இல்லை. சொல்லச் சொல்லச் சந்தோஷமாக இருந்தது.

எதற்கும் அவள் கரும்பலகைக்குத் திரும்பி, பின்வரிசையைப் பார்த்து, ஒருமுறை சொல்லிவிட்டாள். "புத்தகத்துல ஏழாம் பக்கம் கடைசி வரி தப்புங்க. நான் எழுதினது. தயவுசெஞ்சு அடிச்சிடுங்க." மேங் சாரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

திறந்த வகுப்புக்குப் பின் கலந்துரையாடல் கூட்டம் என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட, பள்ளியின் கணக்குத் துறை ஐந்து பேரும் தலைமை ஆசிரியையும் சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். மேசையில் ஜேஜுத் தீவு ஆரஞ்சு ஒரு கூடை, பார்லித் தேநீர். வழக்கப்படி எல்லோரும் முதலில் ரொம்பச் சிரமப்பட்டீர்கள் என்று பாராட்டினார்கள். அதற்கப்புறம், குறை என்று சொல்ல வேண்டுமானால், என்று ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில்தான் தலை உருளும்.

தலைமை ஆசிரியை மதிப்பீட்டுத் தாளைப் புரட்டிவிட்டு, யோன்-ஜூவைக் குடும்பப் பெயரால் அழைத்தார். "கூ டீச்சர், பிள்ளைங்க உற்சாகமா இருந்தாங்க. அதை மறுக்கலை. ஆனா பாடத்தொகுப்புன்னு ஒரு பகுதி இருக்கு. இருபது மதிப்பெண். நீங்க அதை நடத்தவே இல்லையே?"

"தொகுத்துச் சொல்ல வேண்டிய வரி தப்புங்க. தப்பான வரியை அவங்களைச் சேர்ந்து படிக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை."

"வெளியூர்க்காரங்க முன்னாடி அதைச் சொல்லணுமா? நம்ம பள்ளி அச்சடிச்ச புத்தகம் அது."

சோக் சார் ஆரஞ்சுத் தோலை ஒரே சுருளாக உரிப்பதில் மும்முரமாக இருந்தார். இடம் போயிற்று, என்று யோன்-ஜூவுக்குத் தெரிந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி அட்டைப்பெட்டி. அழுகை வந்தது, அதே சமயம் மூன்று புள்ளிகளும் கண்ணுக்குள் நின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வர முடியும் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மேங் சார் தொண்டையைச் செருமினார். "அந்த வரியை நான் முப்பது வருஷமா நடத்தறேன்" என்றார். "முப்பது வருஷம்." சொல்லிவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் பிடிபடவில்லை. தலைமை ஆசிரியை பேனாவின் மூடியைத் திறந்தார்.

கதவு படாரென்று திறந்தது. தே-ஹா. தட்டவில்லை, குனிந்து வணங்கவில்லை, அவன் கையில் ஒரு வரைபடத் தாள். சாப்பாட்டு மணி அடித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அவன் சாப்பிடப் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"டீச்சர், எண்ண முடியலை!"

"தே-ஹா, நாங்க கூட்டத்துல இருக்கோம்பா" என்றார் தலைமை ஆசிரியை.

அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆரஞ்சுத் தோல்களைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தாளை மேசையில் விரித்தான். "சோல்-பி மூணுன்னு சொன்னாளா? அஞ்சு வருமான்னு பார்த்தேன். ஏழு வருமான்னு பார்த்தேன். வர்க்கமூலத்துல வரலை. சரி, போன மாசம் நீங்க நடத்தினீங்களே விகிதமுறு சார்பு, அதை எடுத்தேன். ஒண்ணின் கீழ் x. சும்மா, ரொம்பச் சின்னது. ரெண்டு கிளையும் வரைஞ்சேன், மடிச்சேன், குத்தினேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "விரிச்சுப் பார்த்தா ரெண்டாவது கோடே இல்லை, டீச்சர்."

மேங் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இல்லைன்னா? எங்கேடா போச்சு?"

"எங்கயும் போகலை சார். இதுதான் அது. அதோட நேர்மாறு அதேதான். எல்லா இடத்துலயும் வெட்டுது. இல்லை, வெட்டுதுன்னே சொல்ல முடியாது சார், எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

தெரியலை என்று தே-ஹா சொல்லி யோன்-ஜூ கேட்டதில்லை. அவள் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். சோக் சாரும் எழுந்துவிட்டார். மேங் சார் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நவம்பர் மாதத்து மத்தியான வெயில் அங்கே நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தாளை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். எத்தனை தடவை குத்தினானோ, அறுபதோ எழுபதோ துளைகள். ஒன்றுகூட விலகாமல், பென்சில் கோட்டின் மேலேயே, மேலிருந்து கீழ்வரை வளைந்து வளைந்து எரிந்தன. "கூ டீச்சர்" என்றார் மேங் சார், திரும்பாமலே. "இங்கே வாங்க. ஊசி வெச்சிருக்கீங்களா?" தலைமை ஆசிரியை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மூடி திறந்த பேனா மதிப்பீட்டுத் தாளின் மேல் உருண்டு, மேசை ஓரத்துக்குப் போய், கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.